ஜால்ரா எங்கே போச்சு?

"புதுசு புதுசுதாம்பா... ஆனா, என் பெட்டிக்கு ஈடாகாது!"

சென்னை ரிச்சி தெருவில் முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் சொல்லிச் செய்து வாங்கிய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். ஓய்வுபெற்ற வங்கி ஊழியரான அவர், அவற்றை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. மகன் புது ஜோடி ஸ்பீக்கரோடு பெங்களூரிலிருந்து வந்து இறங்கியதும், ஹாலில் போட்டி ஆரம்பமானது.

இரண்டு ஜோடியும் ஒரே ஆம்ப்ளிஃபயரில். ஒரு பட்டனைத் தட்டினால் பழசு, இன்னொன்றைத் தட்டினால் புதுசு. முதல் சுற்றில் எல்லோருடைய ஓட்டும் புதுசுக்கே.

"அது சத்தமா கேக்குது, அதான்" என்றாள் பத்தாம் வகுப்புப் பேத்தி.

உண்மைதான். வால்யூமைத் தொடாவிட்டாலும், ஒரு ஸ்பீக்கர் கூடுதலாகவும் இன்னொன்று குறைவாகவும் ஒலிக்கும். சத்தம் கொஞ்சம் கூடினாலே தரம் கூடியதாகக் காது நம்பிவிடும். எனவே நாற்காலியில் போனை வைத்து, சத்தத்தை அளக்கும் ஆப் மூலம் இரண்டையும் சமப்படுத்தினார்கள். மூலையில் ஒட்டிக்கிடந்த பழைய பெட்டிகளைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்ததும், 'தும் தும்' என்று குமுறிய பாஸ் அடங்கியது. மனைவியின் பழைய புடவை திரையானது. எது பாடுகிறது என்று தெரிந்தால், காதுக்கு முன்னால் கண் தீர்ப்பு சொல்லிவிடுமே!

பஜனைப் பாட்டு ஒன்றை மாற்றி மாற்றிப் போட்டார்கள். மகனும் பேத்தியும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார்கள். அவருக்கு மட்டும் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"பழசுல ஜால்ராவே கேக்கலையே தாத்தா!"

"புதுசுல மட்டும் எங்கம்மா கேக்குது?"

ஹால் அமைதியானது.

பேத்தி பழைய பெட்டியின் ட்வீட்டரில் காதை வைத்துப் பார்த்தாள். மூச்சே இல்லை. இரண்டு பெட்டிகளிலும் அதே கதை. உள்ளிருந்த கெபாசிட்டர்கள் காய்ந்து, ட்வீட்டர் எப்போதோ ஊமையாகியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

அடுத்த வாரம் காது பரிசோதனை. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது இளம் காதுக்கான கணக்கு. வயதாகும்போது முதலில் குறைவது உச்சத்தில் இருக்கும் ஒலிகள். ஜால்ராவின் கிணுகிணுப்பு மட்டுமல்ல, பேச்சில் 'ஸ', 'ஃப' போன்றவற்றின் கூர்மையும் அந்தப் பக்கம்தான். அதனால் குரல் கேட்கும்; வார்த்தை புரியாது. 'டி.வி-யில எல்லாரும் முணுமுணுக்கறாங்க' என்று இரண்டு வருடமாக அவர் திட்டியதன் காரணம் அதுதான்.

ரிப்போர்ட்டைப் பார்த்து அதிகம் கலங்கியது மனைவிதான்.

"கூப்பிட்டா திரும்பாம உக்காந்திருக்கீங்கன்னு எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன்... சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

"எனக்கே தெரியலையே!"

கெபாசிட்டர்களை மாற்ற அதிகம் செலவாகவில்லை. காதுக் கருவிக்குத்தான் செலவு. அதற்கு அவரைச் சம்மதிக்க வைக்கவே ஒரு மாதம் ஆனது.

கருவியை மாட்டிக்கொண்டு, பழைய பெட்டியில் அதே பஜனையைப் போட்டார். ஜால்ரா கேட்டது. பாட்டு முடிவதற்குள் சமையலறையிலிருந்து ஒரு குரல், வழக்கமான அதட்டல் இல்லாமல்.

"என்னங்க..."

"இதோ வர்றேன்" என்று பாட்டை நிறுத்திவிட்டு எழுந்தார்.