மனமா, மிடறா?

படபடப்பு என்றவுடன் மனத்தின்மீதே பழி சுமத்துவது உலக வழக்கு. நாமும் சில திங்கள் பதற்றத்திற்கான மாத்திரைகளை உண்டு வந்தோம். ஆடிச் சாரலில், குற்றாலத்து ஐந்தருவிக் குளிரிலும் நமக்கு வியர்த்தது, விரல்கள் நடுங்கின, உடல் மெலிந்தது. “எல்லாம் மாத்திரையின் தீங்கு, நிறுத்திவிடுங்கள்” என்றனர் வீட்டார். தென்காசியில் செய்த இரத்தப் பரிசோதனையோ, மிடற்றிலுள்ள தைராய்டு சுரப்பி அளவு மீறிச் சுரப்பதைக் காட்டிற்று. கார்பிமசோல் உண்டபின் நடுக்கம் படிப்படியாகத் தணிந்தது.

வீட்டாரின் ஐயம் பொருளற்றதன்று. 1949இல் ஜான் கேட் மனநோய்க்குப் பயன்படுத்திக் காட்டிய லித்தியம், பெரும்பாலும் தைராய்டு சுரப்பைக் குறைக்கும். அரிதாக மிகைச்சுரப்பும் நேர்வதுண்டு. ஆயினும், மிகைச்சுரப்பே மனப்பதற்றம்போல் தோற்றமளிப்பதுதான் மிகுதி. பதற்றத்திற்குத் தரப்படும் புரோப்ரனலால் படபடப்பை அடக்குமேயன்றிச் சுரப்பியின் மிகையை நிறுத்தாது. எனவே நோய் மறைந்திருக்கவும் கூடும்.

1835இல் அயர்லாந்து மருத்துவர் கிரேவ்ஸ் இந்நோயை விளக்கினார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கழுத்து வீக்கத்தையும் பிதுங்கிய கண்களையும் தொடர்புறுத்தி எழுதியவர் பாரசீக ஹகீம் இஸ்மாயீல் ஜுர்ஜானி.

அன்பர்களே! படபடப்பும் மெலிவும் நீடிப்பின், மருத்துவரிடம் தைராய்டு பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். அவர் சொல்லாமல் மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.