அப்பாயியின் பிஸ்கட் டின்

ஹட்டன் பக்கம் எங்க லயத்துல அப்பாயிகிட்ட ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கு. உள்ளே பொலித்தீனில் சுத்தின பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், மடிப்பில் கிழிஞ்ச, அப்பாயியோட தம்பி எழுதின கடிதம். தம்பி, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் கணக்கில் கப்பலேறினவர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்க. கொழுந்து நிறுக்கிற மாதிரி நிறுத்தாங்க.

எங்க தோட்டத் தமிழர், 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பின சனம். அடுத்த வருசமே சட்டம் போட்டு நாடற்றவங்களாக்கினாங்க. அதுக்கடுத்து வந்த 1949 குடியுரிமைச் சட்டத்தைத் தமிழ்த் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் ஆதரிச்சாரு. அதுதான் கூடச் சுட்டுச்சு, சொந்த மொழிக்காரர் பாருங்க. மிச்சம் இருந்தவங்களுக்கு வழி பிறக்க 2003 ஆச்சு.

அப்பாயிக்கு யார்மேலயும் கோபமில்லை. "செத்தவங்களோட என்னடா சண்டை" என்னும். ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் தேத்தண்ணி உண்டு, சீனி தாராளமா.

போன மாசம் ஏதோ பதிவுன்னு ஒருத்தர் வந்தாரு. அசலைக் கொண்டுபோய் நாளைக்குத் தாரேன்னாரு. அப்பாயி டின்னை மடிக்குள்ள இழுத்துக்கிச்சு.

"பேரன் கொப்பி அடிச்சுக் கொண்டாருவான் தம்பி. அசல் வாசப்படி தாண்டாது."

அவர் சிரிச்சாரு. அப்பாயி சிரிக்கல. இன்னொரு கோப்பை ஊத்தட்டுமான்னு கேட்டுச்சு.