வராத மடலுக்கு யார் புகார் சொல்வார்கள்?

ஒரு கல்லூரியிலோ சின்ன அலுவலகத்திலோ மின்னஞ்சல் வழங்கியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இரண்டு விதமான புகார்கள் வரும். முதல் வகை தினமும் வரும். "சார், பெட்டியைத் திறந்தால் ஒரே குப்பை. லாட்டரி விழுந்திருக்காம், மாத்திரை பாதி விலையாம். ஏதாவது பண்ணுங்க!" இரண்டாவது வகை எப்போதாவதுதான் வரும். "எனக்கு வரவேண்டிய கடிதம் வரவே இல்லையே?" அதுவும் நேர்முகத் தேர்வுக்கான தேதி எல்லாம் முடிந்துபோன பிறகு வரும்.

காரணம் ரொம்பச் சாதாரணம். வந்த குப்பை கண்ணுக்குத் தெரிகிறது. வராத கடிதம் தெரிவதில்லை. எரித வடிகட்டி அமைக்கிற வேலையின் கஷ்டம் மொத்தமும் இதற்குள் அடக்கம்.

எரிதம் என்கிற ஸ்பாமுக்கு வயது அதிகம். 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி தியூர்க், அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். அதுதான் முதல் எரிதம் என்று சொல்வார்கள். திட்டு வாங்கினார், கணினிகளும் விற்றன! அப்புறம் யார் நிறுத்துவார்கள்?

சரி, வடிகட்டிக்கு வருவோம். இரண்டு வழங்கிகள் மடல் பரிமாறுவது வாசலில் நின்று பேசுவது மாதிரி. வந்தவர் தன் பெயரைச் சொல்வார், யாரிடமிருந்து என்பார், யாருக்கு என்பார், கடைசியில் கடிதத்தை நீட்டுவார். இதில் எந்தக் கட்டத்திலும் "வேண்டாம், போ" என்று சொல்லலாம். வந்தவரின் ஐ.பி. எண் தடைப்பட்டியலில் இருக்கிறதா, அந்தப் பெயரில் அனுப்ப அந்த வழங்கிக்கு அனுமதி உண்டா என்று எஸ்.பி.எஃப் பதிவைப் பார்ப்பது, கையொப்பம் சரியா என்று டி.கே.ஐ.எம் மூலம் சோதிப்பது எல்லாம் இந்தப் பேச்சு முடிவதற்குள் நடந்துவிடும்.

2003-ல் எவன் ஹாரிஸ் என்பவர் சொன்ன 'கிரேலிஸ்டிங்' இதில் அழகான தந்திரம். அறிமுகமில்லாத வழங்கி வந்தால் "இப்போது முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வா" என்று 451 எண்ணோடு தற்காலிகமாகத் திருப்பி அனுப்பவேண்டும். ஒழுங்கான வழங்கி காத்திருந்து திரும்ப வரும். லட்சக்கணக்கில் அள்ளிவிடுகிற எரித நிரலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆனால் ஐந்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓ.டி.பி. மடலும் இதே வாசலில்தான் காத்துக் கிடக்கும் என்பதை மறக்கக்கூடாது.

வாசலைத் தாண்டி வந்ததை ஸ்பாம் அசாசின் மாதிரி ஒரு நிரல் படித்து மதிப்பெண் போடும். தலைப்பு சந்தேகமா, கொஞ்சம் புள்ளி. சுட்டி கெட்ட இடத்துக்குப் போகிறதா, இன்னும் கொஞ்சம். மொத்தம் 5-ஐத் தொட்டால் எரிதம். கூடவே பேய்ஸ் முறையும் உண்டு. எந்தச் சொல் எரிதத்தில் அதிகம், எந்தச் சொல் நல்ல மடலில் அதிகம் என்று எண்ணிக் கற்றுக்கொள்ளும் முறை. 2002-ல் பால் கிரகாம் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இது பரவலானது. அவர் தன் கணக்கில் நல்ல மடலில் வந்த சொற்களின் எண்ணிக்கையை மட்டும் இரட்டிப்பாக்கினார். நல்ல மடல் தவறிப் போவதை விட நாலு குப்பை உள்ளே வருவது மேல் என்பதுதான் அதன் பொருள்.

இந்தக் கற்றலை அந்த நிறுவனத்தின் சொந்த மடல்களை வைத்தே செய்யவேண்டும். மருந்தியல் துறைக்கு வரும் கடிதத்தில் மருந்துப் பெயர்கள் இல்லாமல் இருக்குமா? கடன் பிரிவுக்கு வரும் கடிதத்தில் 'கடன்' என்ற சொல் குற்றமா? ஸ்பாம் அசாசின் கூட 200 எரிதமும் 200 நல்ல மடலும் பார்த்துப் படித்த பிறகுதான் பேய்ஸ் கணக்கை நம்ப ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்த புது நாய்கூட சொந்தக்காரர் யார், திருடன் யார் என்று பழகிக்கொள்ள நாள் கேட்கும் அல்லவா?

இவ்வளவு செய்தும் தவறு வராதா? வரும். 2010 ஜனவரி 1 அன்று வந்தது. ரொம்ப தூரத்து எதிர்காலத் தேதி போட்டு வரும் மடல் சந்தேகத்துக்குரியது என்று ஸ்பாம் அசாசினில் ஒரு விதி இருந்தது. எழுதியபோது அது நியாயம்தான். ஆனால் அது 2010 முதல் 2099 வரை எல்லா ஆண்டையும் எதிர்காலம் என்றே எண்ணியது. புத்தாண்டு பிறந்ததும் சரியான தேதியோடு வந்த ஒவ்வொரு மடலுக்கும் 3 புள்ளிக்கு மேல் அபராதம்! வேறு ஏதோ சில்லறைக் காரணத்துக்காக 2 புள்ளி வாங்கியிருந்த அப்பாவி மடல்கள் எல்லாம் எல்லையைத் தாண்டிவிட்டன. இத்தனைக்கும் திருத்தம் முன்பே எழுதப்பட்டிருந்தது. வளர்ச்சிப் பதிப்பில் மட்டும் இருந்தது, எல்லோரும் பயன்படுத்திய பதிப்புக்கு வந்து சேரவில்லை. அன்றே புதுப்பிப்பு வந்து சரியானது.

அந்த ஒரு நாளில் யார் தப்பித்தார்கள், யார் மாட்டினார்கள் என்று யோசித்தால் பாடம் கிடைக்கும். ஸ்பாம் அசாசின் எதையும் தானாக அழிப்பதில்லை. முத்திரை குத்துவதோடு அதன் வேலை முடிந்தது. முத்திரை பட்டதைத் தனி அடைவில் போடும்படி அமைத்தவர்களுக்கு மடல்கள் அங்கே பத்திரமாக இருந்தன. '5 வந்தால் அழி' என்று எழுதி வைத்தவர்களுக்குப் போனது போனதுதான். அனுப்பியவருக்கும் தெரியாது, பெறவேண்டியவருக்கும் தெரியாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

அப்படியானால் வாங்கிக்கொண்டு, பிறகு சந்தேகம் வந்தால் அனுப்பியவருக்கே திருப்பிவிடலாமா? அதுவும் தப்பு. எரிதத்தில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய். திருப்பிய மடல் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் தலையில் போய் விழும். மறுப்பதாக இருந்தால் வாசலிலேயே, 550 என்று எண் சொல்லி, காரணமும் சொல்லி மறுக்கவேண்டும். அப்போது உண்மையான ஆள் அனுப்பியிருந்தால் அவருடைய வழங்கியே அவருக்குத் தகவல் சொல்லிவிடும். அவர் தொலைபேசியிலாவது கூப்பிடுவார்.

ஆக, வடிகட்டி அமைப்பவர் கடைப்பிடிக்கவேண்டியது கொஞ்சம்தான். நிச்சயமான குப்பையை வாசலிலேயே மறுப்பது. சந்தேகத்தைத் தனி அடைவில் வைப்பது. எதையும் சத்தமில்லாமல் அழிக்காமல் இருப்பது. வாரம் ஒருமுறையாவது அந்த அடைவையும் பதிவேட்டையும் திறந்து பார்ப்பது. கடைசியில் சொன்னதுதான் யாரும் செய்யாதது!

மின்னஞ்சல் வாங்கும் ஒவ்வொரு தளத்திலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரி இருந்தே ஆகவேண்டும் என்பது நெறிமுறையிலேயே உள்ள விதி. என் கடிதம் ஏன் போகவில்லை என்று கேட்க வெளியாளுக்கு ஒரு கதவு வேண்டும் என்பதற்காக. ஊர்த் தபால்காரர் ஒரு கடிதத்தை முகர்ந்து பார்த்து, "இது உங்களுக்கு வேண்டாம்" என்று கிழித்துப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால் ஊர் சும்மா விடுமா? வழங்கி அறையில் உட்கார்ந்திருப்பவர் அதைச் செய்தால் யாருக்கும் தெரிவதில்லை. அதனால்தான் அவர் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.