வளையும் இழையும் தேர்ந்த கையும்

பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லப்படுகிறது. செஞ்சியை அடுத்த வல்லம் ஒன்றியத்தில் இந்த இழைகளை இணைப்பவர்களின் வேலையை அருகிருந்து பார்த்தபோது, இது நுட்பமான கண்ணாடித் தொழில் என்பது எனக்கு விளங்கியது. டிராப் கேபிளை உரித்து, ஸ்ட்ரிப்பரால் பூச்சை வழித்தெடுத்தால் மிஞ்சுவது 0.125 மி.மீ. கண்ணாடி, ஏறக்குறைய தலைமுடியின் தடிமன். அதை ஆல்கஹாலால் துடைத்து, கிளீவரில் நறுக்கி, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைக்கிறார்கள். மின்பொறி இரு நுனிகளையும் உருக்கி ஒட்டுகிறது. திரையில் ஒளி இழப்பு 0.02 டெசிபல் என்று வந்தால், ஒட்டிய இடத்தை ஸ்லீவால் போர்த்திச் சூடேற்றி மூடுகிறார்கள். நறுக்கிய துண்டுகளைத் தனி டப்பாவில் போடுகிறார்கள். தோலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது.

மெஷின் தானே ஒட்டுகிறது, இப்போதைய இழையோ எப்படி மடக்கினாலும் தாங்குகிறது, பிறகு தேர்ச்சி எதற்கு என்று கேட்கலாம். இதில் பாதி உண்மை. மடக்கினால் தாங்கும் அந்தப் பாதிக்குக் காரணம் இழையில் கலந்த ஃப்ளூரின். சிலிக்காவில் ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கான் அணுக்களுக்குப் பாலமாக நிற்கிறது. ஃப்ளூரினுக்கு ஒரே பிணைப்புதான். அது சேரும் இடத்தில் பாலம் அறுந்து வலை நின்றுவிடுகிறது. அதனால் கண்ணாடி குறைந்த வெப்பத்திலேயே இளகுகிறது, ஒளிவிலகல் எண்ணும் குறைகிறது. எல்லாக் கண்ணாடியிலும் இப்படி நடப்பதில்லை. சோடியமும் கால்சியமும் இருந்தால் ஃப்ளூரின் பெரும்பாலும் அவற்றையே நாடுகிறது. மிகுந்தால் ஃப்ளூரைடு நுண்படிகங்களாகப் பிரிந்து கண்ணாடியைப் பால்வெள்ளையாக்குகிறது. இழையின் தூய சிலிக்காவில் அந்தத் துணைகள் இல்லாததால் ஃப்ளூரின் சிலிக்கானையே பற்றுகிறது. வீடுகளுக்கு இழுக்கும் ஜி.657 இழைகள் பலவற்றில், ஒளி செல்லும் நடுப்பகுதியைச் சூழ்ந்து ஃப்ளூரின் கலந்த வளையம் ஒன்று உண்டு. ஒளிவிலகல் எண் குறைந்த அந்த வளையம், வளைவில் வெளியேறப் பார்க்கும் ஒளியைத் தடுக்கிறது. பழைய ஜி.652 இழையின் வளைவுச் சோதனை 30 மி.மீ. ஆரத்தில் நடக்கிறது, ஜி.657 ஏ2 இழைக்கோ 7.5 மி.மீ. வரை அனுமதி உண்டு.

ஆனால் அந்த வளையம் ஒளியைத்தான் காக்கிறது; கண்ணாடி இழுபடுவதை அதனால் தடுக்க முடியாது. 7.5 மி.மீ. ஆரத்தில் வளைந்த இழையின் வெளிப்பரப்பு சுமார் 0.8 சதவீதம் நீள்கிறது. ஆலையில் இழையின் வலிமையைச் சோதிக்கும்போது கொடுக்கும் நீட்சியே ஏறக்குறைய 1 சதவீதம்தான், அதுவும் கணநேரத்துக்கு. பூச்சை வழிக்கும்போது ஒரு கீறல் விழுந்திருந்தால், காற்றின் ஈரம் அதன் முனையில் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கும். பழைய இழையை இறுக்கிச் சுருட்டினால் மீட்டரே இழப்பைக் காட்டிக்கொடுக்கும். புதிய இழையில் அந்த எச்சரிக்கை மங்கிவிடுகிறது. இன்று நல்ல எண்ணைக் காட்டும் இணைப்பு, நாளை பெட்டிக்குள்ளேயே முறியலாம். மெஷின் சொல்வது ஒட்டிய இடத்தின் இழப்பை மட்டுமே. கீறலையும் சுருட்டிய விதத்தையும் அது அறியாது.

ஆகவே இழை எவ்வளவு வளைகிறதோ அவ்வளவுக்குக் கையின் பொறுப்பு கூடுகிறது. ஜாயின்ட் எண்ணிக்கைக்கு மட்டும் கூலி பேசினால் அவசரத்துக்குத்தான் விலை கொடுக்கிறோம். வழிப்பதற்கும் சுருட்டுவதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்தே கூலி கணக்கிட வேண்டும். ஊருக்குள் வந்த இணைப்பு நிலைக்க அதுதான் வழி.