திறக்க முடியாத பெட்டி

எங்கள் ஊர் திருப்பூர். பக்கத்து வீட்டு மாடியில் நாலு தையல் மெஷின் ஓடுகிறது. ஜன்னலைத் திறந்தால் போதும், பஞ்சுத் தூசி பறந்து வந்துவிடும். காலையில் துடைத்த மேஜையில் சாயங்காலம் விரலாலேயே கோலம் போடலாம். தூசித் துணியும் கையுமாகத்தான் நான் அலைவேன்.

2008-ல் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒரு பெரிய தகரப் பெட்டி. பின்னால் இரண்டு திருகாணி. கழற்றினால் பக்கத் தகடு கதவு மாதிரி வந்துவிடும். போகிக்கு முந்தின நாள் பரண் பாத்திரங்களோடு அதையும் திறந்து, காய்ந்த பெயின்ட் பிரஷால் தூசி தட்டுவேன். பதிமூன்று வருஷம் உழைத்தது, பாவம்.

2021-ல் பெண்ணின் ஆன்லைன் வகுப்புக்காகப் புதிது வாங்கினோம். பெட்டியே கிடையாது; எல்லாம் திரைக்குள்ளேயே அடக்கம். வயரும் ஒன்றே ஒன்று. துடைக்க எவ்வளவு சுலபம் என்று பூரித்துப் போனேன். நீல நூலில் குரோஷா உறை வேறு பின்னி, வேலை இல்லாத நேரமெல்லாம் அணைக்காமலேயே போர்த்தி வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் உறையைப் பாராட்டினார்கள்.

போன வருஷம் பெண்ணுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். திங்கட்கிழமை ப்ராஜெக்ட் ஒப்படைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி கம்ப்யூட்டர் ‘உஸ்’ஸென்று இரைந்தது. அப்புறம் ஆமை மாதிரி நகர்ந்தது. அப்புறம் தானாகவே அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் இருபது நிமிஷம், அவ்வளவுதான்.

"கண்ட சினிமாவை எல்லாம் இறக்கினால் வைரஸ் வராமல் என்ன செய்யும்?" என்று அவர் சத்தம் போட்டார். நானும் என் பங்குக்குத் திட்டினேன். அவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

முதல் கடைக்காரர், "ஆயுசு முடிஞ்சு போச்சுங்க, புதுசு எடுத்துக்குங்க" என்றார். நாற்பதாயிரத்துக்கு எங்கே போவது? இரண்டாவது கடையில் இருந்த பையன் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தான். "அக்கா, இது கெட்டுப் போகலீங்க. காய்ச்சலுங்க" என்றான்.

உள்ளே இருக்கும் சிப் சூடாகுமாம். அந்தச் சூட்டை மெல்லிய தகடுகள் வாங்கிக்கொள்ள, சின்ன ஃபேன் ஒன்று காற்றடித்து வெளியே தள்ளுமாம். தகடுகளின் இடுக்கில் தூசி அடைத்தால் சூடு போக வழியில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். சித்திரை வெயிலில் ஜன்னல் இல்லாத சமையலறையில் நாம் உட்கார்ந்துவிடுவதில்லையா, அதுதான்!

"சரி, திறந்து துடையேன் தம்பி" என்றேன்.

"திருகாணியே இல்லீங்கக்கா. கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருக்காங்க. சூடு காட்டிப் பசையை அறுத்துத்தான் எடுக்கணும். கண்ணாடி விரிசல் விட்டால் நான் பொறுப்பில்லீங்க."

கெட்டிக்காரப் பையன். முதலில் மெஷினை ஆறவிட்டு, பின்னால் டேபிள் ஃபேனை ஓடவிட்டு, ப்ராஜெக்டைப் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தான். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பிறகு ஒரு மணி நேரம் அறுத்தான். நான் சுவாமி பெயரெல்லாம் சொல்லி முடித்தேன்.

உள்ளே கம்பளி மாதிரி ஒரு படலம். பஞ்சு, தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கு, சாம்பிராணிப் புகை எல்லாம் சேர்ந்து கெட்டித்திருந்தது. நடுவே நீல நூல் இழைகள். அவர் என்னைப் பார்த்தார். நான் பெண்ணைப் பார்த்தேன். அன்றைக்கு அவளுக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சாதம் செய்தேன். வேறு என்ன சொல்ல?

இப்போது சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்திருக்கிறேன். வாரம் ஒரு தரம் பிளக்கைப் பிடுங்கி, ஆறினபின் காற்றுத் துளைகளைக் காய்ந்த பிரஷால் மட்டும் தட்டுகிறேன். ஈரத்துணி கூடாது. வாக்குவம் கிளீனரையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் உள்பாகங்களைக் கெடுத்துவிடலாமாம். உறை போடுவது அணைத்து, ஆறிய பிறகுதான்.

போன மாதம் தம்பி மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கக் கூடப் போனேன். விற்பனைப் பையன் திரை அளவு, கலர் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, இதைத் திறந்து துடைக்க முடியுமா?" என்று கேட்டேன். அவன் அதைத் திருப்பிப் போட்டு, திருகாணியைத் தேட ஆரம்பித்தான்.