பெரியவனுக்குக் கிடைத்த லீவு

இரண்டு மாதமாக இங்கே எதுவும் எழுதவில்லை. விசாரித்த நண்பர்களுக்கு நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை, காரணம் நல்ல காரணம்தான். மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. நாலு வயதுப் பெரியவளையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு செஞ்சிக்கு வந்திருக்கிறாள். உத்திரத்தில் தூளி கட்டியாகிவிட்டது. எங்கள் பக்கம் ஏணை என்போம். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் நின்றபோதுகூட இந்த முழங்கால் இவ்வளவு பேசியதில்லை.

மகளும் என்னைப் போல ஆசிரியைதான், அரசுப் பள்ளியில். அவளுக்கு மகப்பேறு விடுப்பு பன்னிரண்டு மாதம். நான் பிள்ளை பெற்ற காலத்தில் 90 நாள். 2011-இல் அதை ஆறு மாதம் ஆக்கினார்கள், 2016-இல் ஒன்பது மாதம், 2021 ஜூலையிலிருந்து ஒரு வருடம். ஒவ்வொரு அரசாணை வந்தபோதும் ஆசிரியர் அறையில் எங்கள் வயதுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

போன வாரம் பெரியவள் தூளிக்குள் கையை விட்டுத் தம்பியின் காலைக் கிள்ளிவிட்டாள். மகளுக்குக் கோபம் வந்து முதுகில் ஒன்று வைத்தாள். குழந்தை அழ, பெரியவள் அழ, கடைசியில் மகளும் அழுதாள். நான் அன்று ராத்திரி அவளிடம் சொன்ன கதைதான் இது. அவள் பிறந்தபோது நடந்தது. அவளுக்கே தெரியாது.

1995 அக்டோபர் 9-ஆம் தேதி அவள் பிறந்தாள். செஞ்சி அரசு மருத்துவமனையில்தான். தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து விழுப்புரம் மாவட்டம் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பழக்கதோஷத்தில் அப்போதும் முகவரியில் தென்னார்க்காடு என்றே எழுதுவோம். நான் மேல்மலையனூர் சாலையில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்தேன். வீட்டுக்காரர் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநர், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அக்டோபர் 4 முதல் லீவு எழுதிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தால் ஜனவரி 1-ஆம் தேதியோடு 90 நாள் முடிகிறது. அரையாண்டு விடுமுறையும் அதற்குள்ளேயே கரைந்து போயிற்று. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது.

பெரியவனுக்கு அப்போது நாலு வயது. அவன் பிறந்தபோதும் இதே 90 நாள்தான். தொண்ணூற்றோராவது நாள் மாமியார் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறியவள் நான். அவனைக் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, காய்ச்சலுக்கு ஊசி போட அழைத்துப் போனது எல்லாம் அத்தைதான். அவன் "ஆயா, ஆயா" என்று அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் என் பஸ் வரும். அவனும் ஆயாவும் நிறுத்தத்தில் நிற்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய கடலை மிட்டாய் ஒன்று என் பையில் இருக்கும். இறங்கியதும் பையைத்தான் முதலில் பிடிப்பான், அப்புறம்தான் என்னை. வெயில், மழை எதுவானாலும் இந்த ஏற்பாடு மாறியதில்லை.

சின்னவள் பிறந்ததும் என்னை உள்ளறையில் போட்டார்கள். பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு, பால்சுறாப் புட்டு, குடிக்க வெந்நீர். காதை மூடித் தலையில் துணிக்கட்டு. குளிக்கும்போது மட்டும் அண்டா நிறைய வெந்நீர், அதுவும் அத்தை தன் கையால் வீசி ஊற்றுவார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டு பெரியவன் நிற்பான். உள்ளே வரமாட்டான். "வாடா கண்ணு" என்றால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். இரண்டாம் வாரம் குழந்தையின் கையில் கட்டியிருந்த வசம்பு வளையலைக் கழற்றிக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டான். "பாப்பா எப்போ அவங்க வீட்டுக்குப் போவும்?" என்று ஆயாவிடம் கேட்டானாம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று நாங்கள் சிரித்தோம்.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 23. மறுநாள் காலை சூரிய கிரகணம். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வடக்கே ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் பக்கம் முழுசாக மறைந்தது, நமக்கு அரைகுறைக் கிரகணம். தூர்தர்ஷனில் நேரடியாகக் காட்டினார்கள். எனக்கு அன்று இரட்டைக் காவல். பிள்ளை பெற்றவள், பதினைந்து நாள் குழந்தை, அதோடு கிரகணம். அத்தை ஜன்னல் இடுக்கிலெல்லாம் பழைய துணியைத் திணித்துவிட்டார். அறிவியல் பாடம் நடத்துகிறவள் நான், நிலா குறுக்கே வருவதைப் பலகையில் படம் போட்டுக் காட்டியவள், ஒரு வார்த்தை பேசாமல் இருட்டில் படுத்திருந்தேன். பச்சை உடம்புக்காரி மாமியாரிடம் வாதாடக் கூடாது என்பதும் ஒரு அறிவியல்தான். பெரியவன் எதிர் வீட்டு டிவியில் பார்த்துவிட்டு ஓடி வந்து கதவுக்கு வெளியே நின்று கத்தினான்: "சூரியன் வெளிய வந்துடுச்சு! நீ எப்போ வருவே?"

கதவைத் திறந்து அவனை அப்போதே அணைத்திருக்க வேண்டும். தீட்டு, கிரகணம், குழந்தை பால் குடிக்கிறது என்று ஏதேதோ காரணம். "அப்புறம் வரேண்டா" என்று படுத்தபடியே சொன்னேன்.

நவம்பரில் நாற்பது நாள் கழிந்து தலைக்கு ஊற்றினார்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு சாயங்காலம். நல்ல மழை பெய்து விட்டிருந்தது. அத்தை பாசிப்பயறு அரைக்க மெஷினுக்குப் போயிருந்தார். வீட்டுக்காரர் டூட்டியில். குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே நான் அசந்துவிட்டேன். விழித்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. பெரியவனைக் காணோம்.

தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தேன். எதிர் வீட்டில் இல்லை. பின்பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். மழைத் தண்ணீரில் கிணறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை இன்றும் எழுத வரவில்லை. குழந்தையை எதிர் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, தலைக்கட்டோடு, செருப்பில்லாமல் ஓடினேன். எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று தெரியாமலே கால் பஸ் நிறுத்தத்துக்குப் போயிற்று.

டீக்கடைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பன். கடைக்காரர் கொடுத்திருக்கிறார். நான் ஓடி வந்ததைப் பார்த்தும் அவன் அசையவில்லை, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க என்னடா பண்றே?"

"அம்மா பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"அம்மா இங்க இருக்கேனேடா!"

என்னை ஏற இறங்கப் பார்த்தான். பழம்புடவை, தலையில் துணி, கஷாய வாசனை. "நீ இல்ல. பை வச்சிருக்கிற அம்மா" என்றான்.

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. டீக்கடைக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வழியெல்லாம் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தையல் இழுத்தது. அவன் கணக்கு சரிதான். மூன்று மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்து அவனுக்கு நான் ஐந்து மணிக்கு மேல் வருகிற ஆள். ஞாயிற்றுக்கிழமையும் துணி துவைப்பதிலும் நோட்டுத் திருத்துவதிலும் போய்விடும். கோடை விடுமுறை இருந்ததே என்பீர்கள். அதில் பாதி தேர்வுத்தாள், மீதி ஊர்க் கல்யாணம். அந்த அம்மா ஒன்றரை மாதமாக வரவேயில்லை. உள்ளறையில் யாரோ ஒரு பெண் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அவன் தினமும் ஆயாவை நிறுத்தத்துக்குக் கூப்பிட்டிருக்கிறான். "அம்மாவுக்குத்தான் லீவாச்சே" என்று அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். லீவு என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். கைப்பையை எடுத்தேன். பின்வாசல் வழியாகப் போய் மூலைக் கடையில் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு நிறுத்தத்தில் போய் நின்றேன். ஏதோ ஒரு பஸ் வந்து நின்று நாலு பேர் இறங்கினார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் நடந்தேன். அத்தையும் அவனும் எதிரே வந்தார்கள். "குளிர் காத்துல பச்சை உடம்போட இதென்ன கூத்து" என்று அத்தை திட்டினார். அவன் பையைப் பிடித்தான். அப்புறம் என்னையும்.

நாலைந்து நாள் இந்தக் கூத்து நடந்தது. பிறகு தேவைப்படவில்லை. மதியம் குழந்தை தூங்கும் நேரம் அவனுடைய நேரம் என்று வைத்துக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வேர்க்கடலை உரிப்போம். சிலேட்டில் பஸ் படம் போடுவான். டிக்கெட் கிழித்து எனக்குக் கொடுப்பான், மீதிச் சில்லறை தரமாட்டான், அப்பாவின் பிள்ளை. வீட்டில் பகல் எப்படி இருக்கும் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. பதினோரு மணிக்குக் கீரைக்காரி, இரண்டு மணிக்குத் தபால்காரர், மூன்றரைக்கு எதிர் வீட்டுக் கூரையில் குரங்குக் கூட்டம்.

இதில் ஒருவருக்கு வருத்தம் இருந்தது. ஒரு ராத்திரி அவன் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டான், முதல்முறையாக. அத்தை விளக்கை அணைக்க வந்தவர் பார்த்துவிட்டு, "எனக்கு இனிமே சின்னதுதான்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நாலு வருடம் வளர்த்தவர். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் இருந்துவிட்டேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அன்று எழுந்து ஏதாவது சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 9-ஆம் தேதி நாடு முழுவதும் முதல் முறையாகப் போலியோ சொட்டு மருந்து முகாம். அந்த வருடம் மூன்று வயதுக்குக் கீழ்தான். சின்னவளுக்கு விட்டார்கள், நாலு வயதுக்காரனுக்கு இல்லை என்றார்கள். "பாப்பாவுக்கு மட்டுமா?" என்று தரையில் உருண்டான். இருந்த செவிலியர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு அவன் நாக்கில் விட்டார். தெருவெல்லாம் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தான்.

டிசம்பர் கடைசியில் வீட்டுக்காரருக்கு வார ஓய்வு வந்த நாளில் குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் கோட்டைக்குப் போனோம். இப்போது 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அப்போது எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ஆடு மேய்க்கவும் காணும் பொங்கலுக்குப் போகவும் ஓர் இடம். ராஜகிரி ஏற என் உடம்பு இடம் கொடுக்கவில்லை. கீழேயே களஞ்சியம், குதிரை லாயம், கல்யாண மஹால் என்று சுற்றினோம். கல்யாண மஹாலின் அடுக்குகளை எண்ணிவிட்டு இதில் யார் இருந்தார்கள் என்று கேட்டான். ராஜா வீட்டுப் பெண்கள் இருந்தார்களாம் என்றேன்.

"அவங்க ஸ்கூலுக்குப் போவ மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"எப்பவும் லீவா?"

"எப்பவும் லீவு."

கொஞ்ச நேரம் யோசித்தான். "உனக்கு ஏன் லீவு குடுத்தாங்க?"

"பாப்பா பொறந்ததால."

"இன்னொரு பாப்பா பொறந்தா இன்னொரு லீவு குடுப்பாங்களா?"

வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துக் கல் மேல் உட்கார்ந்துவிட்டார். அரசாங்கம் இரண்டு குழந்தைக்கு மேல் விடுப்பு கொடுக்காது என்பதை நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? "இல்லடா, ரெண்டோட சரி" என்றேன். அவன் அழவில்லை. கையில் இருந்த முறுக்கைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து ஒரு குரங்கு வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அதற்கு அழுதான், வீடு வரைக்கும்.

ஜனவரி 2-ஆம் தேதி வேலையில் சேர்ந்தேன். பதினோரு மணிக்கெல்லாம் இரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். அன்று வழக்கமான பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்ததில் வந்தேன். நிறுத்தத்தில் அத்தை இடுப்பில் சின்னவளோடு நின்றார். பெரியவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். முந்தின பஸ் வந்து போனபோது குழந்தை சிணுங்கியதாம். "இந்த பஸ் இல்ல பாப்பா, அடுத்த பஸ்" என்று அவளுக்குச் சொன்னானாம். அத்தை மூன்று நாள் இதையே தெருவில் எல்லோரிடமும் சொன்னார்.

மகளிடம் இதைச் சொல்லி முடித்தபோது மணி பதினொன்று. மறுநாள் காலை அவள் அண்ணனுக்குப் போன் போட்டு, இதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். பஸ் நிறுத்தம், கிரகணம், கடலை மிட்டாய் ஒன்றும் அவனுக்கு ஞாபகம் இல்லை. குரங்கு முறுக்கைப் பிடுங்கியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம்.