மஞ்சப்பையைக் கொட்டிப் பார்த்த பின்

நாகலாபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். பிள்ளை பெறாமலே மாரில் பால் கசிவு, மாதவிலக்கும் நின்றிருந்தது. பிட்யூட்டரியில் புரோலாக்டின் கட்டி. வாரம் இருமுறை காபெர்கோலின் கொடுத்தேன். ஆறு மாதம் அளவைக் கூட்டியும் புரோலாக்டின் இறங்கவில்லை. ‘மருந்துக்கு அடங்காத கட்டி’ என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன்.

எடுத்த கை ஏனோ நின்றது. “வேற என்ன மாத்திரை போடுற தாயி?” மஞ்சப்பையை மேசையில் கொட்டினார். காபெர்கோலின் தந்த குமட்டலுக்கு மருந்துக்கடையில் வாங்கிய கேப்சூல் விழுந்தது. அதில் டோம்பெரிடோன்.

டோபமைன் டி2 ஏற்பியில் அமர்ந்தால்தான் புரோலாக்டின் அடங்கும். காபெர்கோலின் டோபமைனின் வேலையைச் செய்கிறது. டோம்பெரிடோன் அந்த இடத்தையே மறிக்கிறது. மூளைக்குள் அதிகம் நுழையாத மருந்துதான். ஆனால் பிட்யூட்டரி, ரத்த மூளைத் தடுப்புக்கு வெளியே இருக்கும் சுரப்பி. கேப்சூலை நிறுத்தி, காபெர்கோலினை இரவுச் சாப்பாட்டோடு போடச் சொன்னேன். புரோலாக்டின் இறங்கியது. முதல் மாதமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

உண்மையிலேயே அடங்காத கட்டிகள் பத்தில் ஒன்றிரண்டு. அவற்றில் பொதுவாக டி2 மரபணு கெட்டிருப்பதில்லை, ஏற்பிகள்தான் குறைந்திருக்கின்றன. 2020-இல் சீன ஆய்வாளர்கள் 227 புரோலாக்டின் கட்டிகளைப் பார்த்து, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் எஸ்எஃப்3பி1 மரபணுவில் ஒரே மாற்றத்தைக் கண்டார்கள். ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் பொறியில் நேர்ந்த பிசகு. அந்தக் கட்டிகள் கூடுதலாகச் சுரந்தன, சீக்கிரமே மீண்டும் வளர்ந்தன.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த இன்னொரு பெண்ணின் பையில் வேறெதுவும் இல்லை. அவருடையது அடங்காத கட்டியேதான்; மூக்கு வழியே அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கட்டியின் மரபணு மாற்றம் பற்றி நான் விளக்கியதும் மாமியார் கேட்டார்: “அப்ப இவ வீட்டு வம்சக் கோளாறாய்யா?”

மரபணு என்ற சொல்லுக்குள் மரபு உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்டதும் ஜனம் பெண்ணின் தாய்வீட்டைத் திரும்பிப் பார்க்கிறது. எஸ்எஃப்3பி1 போன்ற மாற்றம் கட்டிக்குள் மட்டுமே பிறப்பது, பிள்ளைக்கு இறங்காது. 2006-இல் பின்லாந்துக் குடும்பங்களில் கண்ட ஏஐபி மாற்றம் வேறு வகை. அது தாய்வழியும் தந்தைவழியும் இறங்கும். இளவயதில் பெரிய கட்டியாக வந்து மருந்துக்கு முரண்டுபிடிக்கும். அதனால் இந்தப் பெண்ணின் ரத்தத்தில் ஏஐபியையும், அதுபோல் வம்சத்தில் இறங்கும் மென்1 மரபணுவையும் பார்த்தோம். மாற்றம் இல்லை.

“இத எழுதிக் குடுங்கய்யா” என்றார் அந்தப் பெண். லெட்டர்பேடில், தமிழில், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.